புனைமொழிச் சொற்களில் கரந்துறையும் சொல்விளையாட்டு: கிளிக்கி, மூலபத்திரம், மேளப்பெயர்கள்

இயற்கை மொழியின் சொல் யாரால் எப்போது ஆக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அறிய இயலாது. புனைமொழியின் சொல் அவ்வாறன்று. அதனை ஆக்கியவர் ஒருவர் உண்டு. ஆக்கிய காலமும் காரணமும் உண்டு. ஆகவே அச்சொல்லினுள் ஆக்கியோர் ஒரு குறும்பையோ குறிப்பையோ மறைத்து வைத்தல் கூடும். இம்மறைவை ஆராயும்போது ஒரு வினா தவிர்க்க முடியாததாகின்றது. சொல்லில் நாம் காணும் விளையாட்டு ஆக்கியோன் வைத்ததா, படிப்போன் ஏற்றியதா? தமிழாய்வில் இவ்வினா புதிதன்று. உலகமொழிச் சொற்கள் பலவற்றுள் தமிழ் வேர் கண்டதாக எழுதப்படும் நூல்கள் நம்மிடையே மிகுதி. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்ளும் அம்முறையை மறுப்போரும் ஏற்போரும் எதனைச் சான்றெனக் கொள்வது என்பதில் உடன்பட்டதில்லை. ஆக்கியோன் அறியப்பட்ட மொழிகளில் இதனைச் சோதித்துப் பார்ப்பது எளிது என்பதால் இக்கட்டுரை அவற்றை எடுத்துக்கொள்கின்றது.

குழூஉக்குறியின் மூன்று நிலை

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூலார் மூன்றாக்குவார். குழூஉக்குறிக்கு உரைகாரர் காட்டும் சான்றுகள் மாணவரும் அறிந்தவை: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றலும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றலும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றலும். இவை மூன்றும் ஒரே வகைச் சான்றாகவே வகுப்பறைகளில் சொல்லப்பட்டு வருகின்றன. ஆயின் மறைபொருள் நோக்கில் இவை மூன்றும் மூன்று நிலையின.

'சொல்விளம்பி' என்பதில் விளையாட்டு வெளிப்படை. உண்டவனைச் சொல் விளம்பச் செய்வது கள். சொல்லாதது எல்லாம் சொல்லவைப்பது. சொல்லை மறைக்கப் பிறந்த குறியே 'சொல்லை வெளியிடுவது' என்று பொருள்படுமாறு அமைந்தது நகைப்புக்குரியது. இதனை ஆக்கிய வேடர் எவரும் நமக்குச் சான்று கூற வாரார். எனினும் சொல்லின் அமைப்பே சான்றாகின்றது. 'பறி' ஐயத்திற்குரியது. பறித்தல் என்னும் வினையோடு சேர்த்துப் பார்த்தால், பொன்னில் சிறிது எடுத்துக்கொள்வர் என்னும் ஊர்ப்பழியைத் தாமே எடுத்தாண்ட தன்னெள்ளலாகக் கொள்ளலாம், கொள்ளாமலும் விடலாம். 'காரை' நமக்கு முற்றும் இருண்டது. ஆடைக்கும் அச்சொல்லுக்கும் இடையே பாகர் கண்ட தொடர்பை இன்று ஊகிக்க முயல்வது வீண்முயற்சி. ஒரே நூற்பாவின் உரையிலேயே தெளிவு, ஐயம், இருள் என்னும் மூன்றும் கிடைப்பதால், பின்வரும் சான்றுகளை இவற்றை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடலாம்.

மின், நிம்

2015 ஜூலை 10 அன்று வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தின் முதற்பாகத்தில் காலகேயர் என்னும் படையினர் பேசுவதற்கென ஆக்கப்பட்ட மொழி கிளிக்கி. இயக்குநர் ச. ச. ராஜமௌலி, மொழியை ஆக்கியவர் பாடலாசிரியரும், அண்ணா பல்கலைக்கழகத்தில் கணினியியல் கற்பித்தவருமான மதன் கார்க்கி. படத்திற்காக ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் வகுக்கப்பட்டன. 2020 பிப்ரவரி 21 அன்று, உலகத் தாய்மொழி நாளில், அம்மொழி தனி வரிவடிவத்தோடு பொதுமக்கள் கற்பதற்கென வெளியிடப்பட்டது. இதன் வித்து படத்திற்கு முந்தியது. ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராயிருந்தபோது குழந்தைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த மொழியிலிருந்து இது வளர்ந்ததென அவரே நேர்காணல்களில் கூறியுள்ளார். அவ்விளையாட்டின் முதற்சொற்கள் இரண்டு: 'மின்' என்றால் நான்; 'நிம்' என்றால் நீ.

ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று. தன்மையும் முன்னிலையும் உரையாடலில் இடம் மாறிக்கொண்டே இருப்பவை. நான் பேசும்போது நீயாக இருப்பவர், அவர் பேசத் தொடங்கியவுடன் நானாகிவிடுகின்றார். அவ்விடமாற்றத்தை ஒலியிடமாற்றத்தால் காட்டியது நுட்பமான செயல். ஆக்கியோன் வாக்குமூலமும் இருப்பதால் இது தெளிவு நிலையைச் சார்ந்தது.

தமிழ் மாணவருக்கு இதனைக் கண்டவுடன் மாலைமாற்று நினைவுக்கு வரும். முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் ஒன்றாய் அமையும் சித்திரகவி அது. திருஞானசம்பந்தர் பதிகம் ஒன்றே அவ்வாறு அமைந்துள்ளது. கிளிக்கியின் தலைகீழாக்கம் அம்மரபின் தொடர்ச்சி என எழுதிவிடத் தோன்றும். ஆயின் அவ்வாறு எழுத இயலாது. காரணம் அலகில் உள்ளது. மாலைமாற்றின் அலகு எழுத்து. 'விகடகவி' என்பதை வி, க, ட, க, வி என எழுத்தெழுத்தாகத் திருப்பினால்தான் அதுவே மீண்டும் வரும். அதனையே ஒலியொலியாகப் பிரித்து, வகர மெய், இகரம், ககர மெய், அகரம் என நிறுத்தித் திருப்பினால் 'இவகடகிவ்' போன்றதொரு பொருளற்ற ஒலித்தொடரே எஞ்சும். 'மின்' என்பதற்கு நேர்வது இதன் மறுதலை. அதனைத் தமிழெழுத்தில் திருப்பினால் 'ன்மி' எனவரும். தனிமெய் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு அறிந்த விதி. ஆகவே அது சொல்லாகவே நில்லாது. உயிர்மெய்யை உடைத்து மெய்யும் உயிரும் எனப் பிரித்துத் திருப்பினால் மட்டுமே 'நிம்' பிறக்கும். அப்போதும் தமிழ் வரிவடிவம் ஒத்துழைப்பதில்லை. 'மின்' என்பதன் இறுதி றன்னகரம். 'நிம்' என்பதன் முதல் தந்நகரம். தமிழ் இவ்விரண்டையும் இரண்டு எழுத்தாகக் கொள்ளும். ரோமன் வரிவடிவமோ ஒன்றாகவே எழுதும்.

எனவே இவ்விளையாட்டு பிறந்த இடம் தமிழ் எழுத்தன்று; ஒலியன் அடுக்கு, அல்லது ரோமன் எழுத்துப் பலகை. ஆக்கியோர் தமிழ்ப் பாடலாசிரியராயினும் இச்சொல்லை ஆக்கியபோது தமிழ் நெடுங்கணக்கின் வழி நினைக்கவில்லை என்பது இதனால் பெறப்படுகின்றது. இதற்கு வியப்பான எதிரிணை ஒன்று பிரெஞ்சு நாட்டில் உண்டு. பிரான்சுவா சூத்ர் என்பவர் இசைச்சுரங்களின் பெயர்களை மட்டுமே அசைகளாகக் கொண்டு 'சோல்ரெசோல்' என்னும் மொழியை அமைத்தார். அவர் மறைந்த பின் 1866இல் அதன் நூல் வெளியாயிற்று. அதில் எதிர்ச்சொல்லாக்கம் அசைகளைத் திருப்புவதால் நிகழும். கடவுளைக் குறிப்பது 'தோமிசோல்'. சாத்தானைக் குறிப்பது 'சோல்மிதோ'. தோ, மி, சோல் என்னும் அசைகள் உடையாமல் இடம் மட்டும் மாறுகின்றன. அலகு நோக்கில் பிரெஞ்சுக்காரரின் சோல்ரெசோலே நம் மாலைமாற்றுக்கு உறவு. தமிழரின் கிளிக்கி உறவன்று. மொழியாக்கியோரின் தாய்மொழியை வைத்து அவர் சொல்லாக்க முறையைத் தீர்மானித்துவிடுதல் எத்துணைப் பிழையான வழி என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

'நிம்' பற்றி இன்னுமொரு செய்தி. தமிழில் முன்னிலைப் பெயர் வேற்றுமை ஏற்குங்கால் நின், நும் எனத் திரியும். கன்னடத்தில் 'உங்கள்' என்னும் பொருளில் 'நிம்ம' வழங்குகின்றது. ஆகவே 'நிம்' தென்மொழிச் செவிக்கு முன்னிலையாகவே ஒலிக்கின்றது. மறுபுறம் 'மின்' ஆங்கிலத் தன்மைப் பெயர்களின் மகர முதலோடும், ஃபின்னிய மொழியில் நான் எனப் பொருள்படும் 'மினா' என்பதோடும் ஒத்து வருகின்றது. முன்னிலையைத் திராவிடத்திலிருந்தும் தன்மையை மேலைமொழிகளிலிருந்தும் எடுத்து, இரண்டையும் ஒன்றன் நிழலாக மற்றொன்றை ஆக்கினார் என்று வாதிடுவது கவர்ச்சியானது. திருப்புதல் ஆக்கியோரால் சொல்லப்பட்டது, இவ்வொப்புமை சொல்லப்படவில்லை. தன்மை முன்னிலைப் பெயர்களில் மகர நகரங்கள் உலகின் பல மொழிக்குடும்பங்களில் வருவன ஆதலின் ஒப்புமை தானே நேர்வதற்கும் இடமுண்டு. இதனைப் 'பறி'யின் நிலையிலேயே நிறுத்துதல் தகும். மொழிப்பெயரை லகரமிட்டு எழுதி அதில் 'கிலி' காண்பதும், ளகரமிட்டு எழுதிக் 'கிளி' காண்பதும் அதனினும் கீழ். ஒரே பெயர் எழுத்து மாறியவுடன் அச்சமாகவும் பறவையாகவும் மாறுமாயின், பொருள் எழுதுவோனிடம் இருக்கின்றது, சொல்லில் இல்லை.

வைத்ததும் வாய்த்ததும்

ஆக்கியோர் வேண்டுமென்றே வைத்த விளையாட்டிற்குக் கிளிங்கான் மொழி பெயர்பெற்றது. 'ஸ்டார் டிரெக்' திரைப்படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியலாளர் ஆக்கிய அம்மொழியின் அகராதி 1985இல் வெளிவந்தது. அதில் மீனுக்குரிய சொல் 'கோதி' என்பதற்கு அண்மையான ஒலியுடையது. ஆங்கில எழுத்துக்கூட்டின் ஒழுங்கின்மையை எள்ளும் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. அதன்படி அவ்வெழுத்துகளை ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' என்றே படிக்கலாம். அந்நகைச்சுவையையே சொல்லாக்கிவிட்டார். இணை என்னும் பொருளுக்கு அவர் தந்த சொல் 'சாங்எங்'. 1811இல் சயாமில் ஒட்டிப்பிறந்த சாங், எங் என்னும் உடன்பிறந்தோரின் பெயர்களே அது. நரம்பிசைக் கருவி ஒன்றின் பெயரில் கிதார்க் கலைஞர் லெஸ் பால் ஒளிந்துள்ளார். ஆங்கிலப் பண்பாட்டை அறியாத ஒருவர் இம்மொழியை முழுதும் கற்றாலும் இவற்றுள் ஒன்றையும் காணார். (மீனின் பெயரைத் தகரத்தை இரட்டித்து டகரமாக்கி எழுதினால் தென்மாவட்ட வழக்கில் பித்தனைக் குறிக்கும் 'கோட்டி' ஆகிவிடும். ஓக்ராண்ட் நெல்லைத் தமிழ் அறிந்திருந்தார் என்று இதனால் எவரும் வாதிடார் என நம்பலாம்.)

டோல்கீன் வழங்கும் சான்று இதற்கு நேர்மாறானது. அவருடைய குவென்யா மொழியில் கடலில் மூழ்கிய நாடு 'அதலாந்தே' எனப்படும். வீழ்ந்தது என்பது பொருள். அட்லாண்டிஸ் என்னும் கிரேக்கப் புனைவு நாட்டின் பெயர் அதில் ஒலிப்பதைக் காணாதார் இலர். ஆயினும் சரிதல், வீழ்தல் என்னும் பொருளில் தாம் முன்பே வகுத்திருந்த வேர்ச்சொல்லிலிருந்து அம்மொழியின் இயல்பான விதிப்படியே அப்பெயர் வந்ததென்றும், ஒப்புமை தற்செயலென்றும் அவர் கடிதத்தில் எழுதினார். ஆக்கியோன் அறியப்பட்ட மொழியிலேயே, அவனே மறுக்கும் ஒப்புமை இத்துணைத் துல்லியமாக வாய்க்குமெனின், ஆக்கியோன் அறியப்படாத இயற்கை மொழிகளில் ஓரிரு ஒப்புமைகளை வைத்து உறவு நாட்டுவோர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும்.

கல்குளம் பகுதியின் மறைமொழி

திருவட்டாற்றிலிருந்து பத்மநாபபுரம் தொலைவிலில்லை. அங்கிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் (1729-1758) ஒற்றர்கள் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் மறைமொழி மூலபத்திரம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்து, தமிழெழுத்தும் மலையாள எழுத்தும் அருகருகே புழங்கிய இப்பகுதியில் அதன் பெயரை இன்றும் கேட்கலாம். இதன் விதி எளிது. எழுத்துகள் இணையிணையாக நிறுத்தப்பட்டு ஒன்றற்கு மற்றொன்று ஆளப்படும். அகரத்திற்குக் ககரம், ககரத்திற்கு அகரம், சகரத்திற்கு டகரம், ணகரத்திற்கு ஞகரம், தகரத்திற்குப் பகரம், நகரத்திற்கு மகரம், லகரத்திற்கு ஸகரம். உயிர்க்குறிகள் மாறா. 'இலை' என்பது 'கிஸை' ஆகும்.

இது திருவிதாங்கூரில் புதிதாகப் பிறந்ததன்று. வாத்சியாயனர் கூறும் 64 கலைகளுள் ஒன்று 'மிலேச்சித விகற்பம்'. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஜயமங்கள உரையில் யசோதரர் அக்கலையை விளக்குமிடத்து 'மூலதேவீயம்' என்னும் முறையைக் காட்டுகின்றார். அதன் எழுத்திணைகளும் மேற்கூறியனவே. மூலதேவீயம் மூலபத்திரமாகியிருத்தல் வேண்டும்.

மூலபத்திரம் முற்றும் இயந்திரத்தன்மையது. அதில் எவரும் எதனையும் மறைத்து வைக்க வழியில்லை. அவ்வாறிருந்தும் தமிழ்ச் சொற்களை அதன்வழி மாற்றிப் பார்த்தால் சொல்விளையாட்டுகள் கொட்டுகின்றன. 'பத்து' என்பது 'தப்பு' ஆகின்றது. 'பத்தி' என்பது 'தப்பி'. 'மதி' என்பது 'நபி'. ஒற்றனுக்குரிய 'துப்பு' என்னும் சொல்லை மாற்றினால், பாம்பு ஒளிந்திருக்கும் புற்றின் வழக்கு வடிவமாகிய 'புத்து' வருகின்றது. ஒற்றர்மொழியில் துப்பு புற்றாவதைக் கண்டு அதனை ஆக்கியோர் குறும்பெனக் கொண்டாடும் கட்டுரை ஒன்றை எளிதில் எழுதிவிடலாம். ஆனால் இவை ஏன் நிகழ்கின்றன என்பதற்கு விடை தமிழின் ஒலியமைப்பிலேயே உள்ளது. தகரமும் பகரமும் வல்லினம்; இரண்டும் மொழிமுதலாகும்; இரண்டும் இடையில் இரட்டிக்கும். நகர மகரங்கள் இரண்டும் மொழிமுதலாகும் மெல்லினம். ஆகவே இந்நான்கெழுத்தால் ஆகிய சொல்லை மாற்றினால் விளைவதும் தமிழ் ஒலிவிதிக்கு உட்பட்டதாகவே இருக்கும். அத்தகைய குறுஞ்சொற்களில் பல முன்பே பொருளுடையனவாக இருப்பது இயல்பு. லகரமோ வகரமோ புகுந்தால் ஸகர ஹகரங்கள் தோன்றி விளையாட்டு நின்றுவிடுகின்றது. 'கல்' என்பது 'அஸ்' ஆகி ஒன்றும் தாராது. தற்செயலுக்கும் ஓர் ஒழுங்குண்டு என்பதையும், அவ்வொழுங்கைக் கருத்தெனக் கொள்ளலாகாது என்பதையும் இங்குக் காணலாம்.

எழுபத்திரண்டு பெயர்கள்

ஆக்கியோன் வாக்குமூலம் இல்லாதவிடத்து நோக்கத்தை நிறுவவே இயலாதோ எனின், இயலும். கருநாடக இசையின் மேளப்பெயர்கள் அதற்குச் சான்று. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி 72 மேள அமைப்பை வகுத்தார். இன்று வழங்கும் கனகாங்கி முதலான பெயர்வரிசை அவருக்குப் பிற்பட்டது. இப்பெயர்களின் முதலிரண்டு எழுத்துகளைக் கடபயாதி முறைப்படி எண்ணாக்கித் திருப்பினால் மேளத்தின் வரிசையெண் கிடைக்கும். மாயாமாளவகௌளை: மகரம் 5, யகரம் 1, திருப்பினால் 15. ஹரிகாம்போஜி 28. கல்யாணி என்னும் பழம்பெயர்க்கு முன் 'மேச' என்பது ஒட்டியது 65 என்னும் எண்ணுக்காகவே. சங்கராபரணத்தின் முன் 'தீர' ஒட்டியது 29க்காகவே. தோடி 'ஹனுமதோடி' ஆனது 8க்காக. மேசகம் கருநிறம் என்றும் தீரம் உறுதி என்றும் பொருள் கூறி இராக இயல்பை விளக்குவார் உளர். பொருள் அங்குப் போர்வையே.

இங்கு எவர் வாக்குமூலமும் வேண்டா. ஒரு பெயரில் எண் பொருந்தினால் தற்செயலெனலாம். 72 பெயர்களிலும் பொருந்துவது தற்செயலாகாது. விதி தளரும் இடங்களும் நோக்கத்தையே உறுதிப்படுத்துகின்றன. கூட்டெழுத்தில் இறுதி மெய்யையே எண்ணுதல் வழக்கம். ரத்னாங்கியில் 'த்ன' என்பதன் நகரத்தைச் சுழியாகக் கொண்டால் 2 வரும். ஆனால் சக்ரவாகத்தில் 'க்ர' என்பதன் ககரத்தைக் கொண்டால்தான் 16 வரும்; ரகரத்தைக் கொண்டால் 26 ஆகிவிடும். விதியை வளைத்தேனும் எண்ணைக் காப்பாற்றியிருக்கின்றனர்.

இவ்விளையாட்டும் தமிழெழுத்தில் மறைந்துவிடுகின்றது. தமிழில் 'தீர' என எழுதினால் தகரம் வடமொழியின் நான்கு தகரங்களுள் எதற்கும் பொருந்தும். எண்ணோ முறையே 26, 27, 28, 29 என நான்காகப் பிரியும். நான்காம் தகரம் என்பதை முன்னரே அறிந்தவருக்கே 29 புலப்படும். 'மின்' ரோமன் எழுத்தில் வெளிப்பட்டுத் தமிழில் மறைந்தது போன்றே, 'தீர' கிரந்தத்திலும் மலையாளத்திலும் வெளிப்பட்டுத் தமிழில் மறைகின்றது. சொல்விளையாட்டை ஆராய்வோர் சொல்லை எவ்வெழுத்தில் படிக்கின்றோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டியது இதனாலேயே.

மூன்றாவது வகைச் சான்று சொல்லுக்குப் புறத்தே இருப்பது. திருவட்டாறு என்னும் ஊர்ப்பெயர்க்கு ஆறு வட்டமிட்டுச் செல்லும் ஊர் என விளக்கம் கூறுவர். ஊர்ப்பெயர் விளக்கங்களில் பெரும்பாலானவை நம்பத்தக்கன அல்ல. இதனைப் பொருட்படுத்தக் காரணம் ஆறு இன்றும் கண்முன் அவ்வாறே வளைந்து ஓடுவதுதான்.

காலகேயர் வாயில்

மீண்டும் கிளிக்கிக்கு வருவோம். 'மிலேச்சித விகற்பம்' என்னும் கலைப்பெயரிலேயே ஒரு செய்தி உண்டு. மிலேச்சன் என்பவன் விளங்காத மொழி பேசும் அயலான். மறைமொழிக்கு அவன் பேச்சின் பெயரே இடப்பட்டது. நமக்கு விளங்காததும் நாமே மறைத்ததும் ஒரு பெயரில் அடங்கின. திரைப்படத்தில் கிளிக்கி நிற்கும் இடமும் அதுவே. நாவால் சொடுக்கி எழுப்பும் ஒலிகளும் கலந்த அம்மொழி, கருநிறம் பூசப்பட்ட கொடியோர் கூட்டத்திற்கு அளிக்கப்பட்டது. பார்த்தோரில் பெரும்பாலோர்க்கு அஃது அச்சமூட்டும் ஓசையாகவே சென்று சேர்ந்தது. குழந்தைகளோடு விளையாடுகையில் நானும் நீயும் இடம் மாறலாம் என்று காட்டப் பிறந்த இணைச்சொல், எதிரியை நம்மோடு ஒருபோதும் இடம் மாற இயலாதவனாகக் காட்டும் காட்சியில் ஒலித்தது. இம்முரணை ஆக்கியோர் கருதினாரா என்பதற்குச் சொல்லினுள் சான்றில்லை, காட்சியினுள் உண்டு.

இனிச் செய்யவேண்டிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. கிளிக்கிச் சொற்றொகுதி முழுவதையும் தமிழெழுத்திலன்றி ஒலியன்வழி எழுதி, ஒவ்வொரு சொல்லையும் திருப்பி, திருப்பிய வடிவமும் தொகுதியில் உள்ளதா எனவும், உள்ளதாயின் பொருளும் எதிர்ப்பட்டு நிற்கின்றதா எனவும் எண்ணுதல் வேண்டும். 'மின்', 'நிம்' என்னும் இணை தனித்து நிற்கின்றதா, மேளப்பெயர்களைப் போல ஒழுங்காகப் பரவியுள்ளதா என்பது அவ்வெண்ணிக்கையில்தான் தெரியவரும்.